ஹெர்டிஸுக்கு மட்டும் விலக்கு

தேங்காய்த்துருவல் தூவிய நான்கு பன்களை ஒரு தட்டில் ஏந்தி வாசலில் நின்றபடி, இந்த ஆண்டு ஹெர்டிஸ் கழிப்பறைத்தாள் விற்க வேண்டியதில்லை என்று வெங்கே அறிவித்தாள்.

“பேண்டு கமிட்டில எல்லாரும் கலந்து பேசித்தான் முடிவு பண்ணோம். உங்களுக்கு இப்ப இருக்கற நிலைமையில இந்தத் தொல்லை எதுக்கு? நீங்க மொதல்ல உங்கள கவனிச்சுக்கங்க.”

ஹெர்டிஸ் பன்களைப் பார்த்தாள். பதமாக வெந்து பொன்னிறமாக இருந்தன. வெங்கேயிடம் குறை காண அதுகூட வாய்க்கவில்லை.

சாண்ட்னெஸில் பிள்ளையைப் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை கழிப்பறைத்தாள் வியாபாரி ஆகியே தீர வேண்டும். வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை பள்ளி முற்றத்துக்கு லாரி வரும். ஒவ்வொரு வீட்டாரும் தம் பங்குக் கட்டுகளை எடுத்துக்கொண்டு போய்த் தெருத்தெருவாக விற்றுப் பணத்தைக் குழுவிடம் சேர்ப்பார்கள். சீருடையும் பயணமும் அதிலிருந்துதான். வசதியுள்ளவர்கள் விற்பதில்லை. தம் பங்கைத் தாமே வாங்கி நிலவறையில் அடுக்கிவிடுவார்கள். ஹெர்டிஸும் இத்தனை ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தாள். ஆனால் விற்பதோ வாங்கிக்கொள்வதோ, பங்கு என்பது பங்குதான். பனிச்சறுக்கில் கால் முறிந்தவன் ஊன்றுகோலோடு வந்து தன் கட்டுகளை வாங்கிப் போயிருக்கிறான். மனைவியைப் பிரசவ அறையில் விட்டுவிட்டு ஒருவன் வந்திருக்கிறான். ஹெர்டிஸுக்குத் தெரிந்து விலக்கு அளிக்கப்பட்டது ஒரே ஒரு வீட்டுக்கு. அந்த வீட்டில் அந்த வாரம் சாவு நிகழ்ந்திருந்தது. செத்தவனுக்கு அடுத்தபடியாக இப்போது தன்னைக் கமிட்டி வைத்திருக்கிறது என்று அவள் புரிந்துகொண்டாள்.

“எனக்கு ரெண்டு பங்கா எழுதிக்கங்க,” என்றாள்.

“ஹெர்டிஸ், யாரும் உங்கள…”

“ரெண்டு பங்கு, வெங்கே. பன்னுக்கு நன்றி.”

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது மாடிப்படியின் நடுவில் டீரா உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று வயது. தாயின் தாடையும், தந்தையின் ஓசையற்ற நடையும் அவளுக்கு வாய்த்திருந்தன. அந்தத் தந்தை தன்னைத் தானே கண்டடைவதற்காகப் போர்ச்சுகலுக்குப் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் கண்டடைந்தபாடில்லை.

“சரின்னு சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் டீரா.

“எதுக்குடி? நமக்கென்ன கை இல்லையா, கால் இல்லையா?”

“உனக்கு வாய் இருக்கு. அதாம்மா பிரச்சினை.” கொஞ்ச நேரம் விரல்நகத்தைக் கடித்தாள். “எனக்கு அந்த ஊர்வலமே ஒண்ணும் அவ்ளோ பெருசு இல்ல.”

தேசியத் திருநாளான மே பதினேழன்று நாட்டின் எல்லா ஊர்களிலும் பிள்ளைகள் கொடியோடு நடப்பார்கள். பேண்டு முன்னால் போகும். ஏழு வயதிலிருந்து டீரா அதில் டிராம்போன் என்னும் நீண்ட பித்தளைக் குழலை வாசித்துக்கொண்டு போகிறாள். இந்த ஆண்டும் அவள் போக வேண்டும், யாருக்கும் எதற்கும் கடன்படாமல் போக வேண்டும். வேலை போன பிறகு ஹெர்டிஸ் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்த திட்டங்களில் எஞ்சியது அது ஒன்றுதான். ஆகவே மகள் சொன்னதைப் பதின்வயதுப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டு, பன் ஒன்றை எடுத்துக் கடித்தாள். சுவையாக இருந்தது. எரிச்சல் கூடியது.

கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு வால்வுகள் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் அவள் பத்தொன்பது ஆண்டுகள் கொள்முதல் பிரிவில் இருந்தாள். கடைசிப் பத்தாண்டுகள் அப்பிரிவின் தலைவி. வாங்குவது அவள் தொழில். விற்பவர்கள் மாதிரிப் பெட்டிகளோடும் ஈறு தெரியும் சிரிப்போடும் வருவார்கள். அவர்களை வரவேற்பறையில் காக்கவைப்பதை அவள் ஒரு சோதனையாகவே கருதினாள்: நல்ல பொருளை வைத்திருப்பவன் இவ்வளவு சிரிக்கமாட்டான் என்பது அவள் கணிப்பு. பிறகு நிறுவனம் கைமாறியது. அவளுடைய பிரிவு போலந்துக்குப் போயிற்று. வெளியேற்றப்பட்டவர்களுக்காக மர்சிப்பான் என்னும் பாதாம் பசை போர்த்திய கேக் ஒன்று வந்தது. முதல் துண்டை வெட்டும் பெருமையை மேலாளர் ஹெர்டிஸுக்கே அளித்தார். அவள் வெட்டினாள், அளவெடுத்தாற்போல் சம துண்டுகளாக வெட்டி, மேலாளருக்கு மட்டும் ஒரு துண்டு குறையும்படி பார்த்துக்கொண்டாள்.

அடுத்து, வேலைவாய்ப்பு அலுவலகம் அவளை ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பியது. காலுறை அணியாத ஓர் இளைஞன், எல்லோரும் தம்மை ஒரு மரமாக வரைய வேண்டும் என்றான். ஐம்பத்தெட்டு வயது வெல்டர் ஒருவர் கண்ணீர் மல்க ஒரு பிர்ச் மரத்தை வரைந்தார். ஹெர்டிஸ் அடிக்கட்டை ஒன்றை வரைந்து கொடுத்தாள். “அருமை! இதுலேர்ந்துதான் துளிர் வரும்,” என்றான் அவன். தன் வாழ்நாளில் சந்தித்த முட்டாள்களை அவள் தர வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். முதல் இடம் நெடுநாளாகக் காலியாக இருந்தது, அன்று நிரம்பியது.

வியாழக்கிழமையிலிருந்து வீட்டில் டிராம்போன் ஓசை கேட்கவில்லை. பழுதுபார்க்கக் கொடுத்திருப்பதாக டீரா சொன்னாள். பத்தொன்பது ஆண்டுகள் எந்த வியாபாரியின் சாக்கையும் நம்பாத ஹெர்டிஸ் இதை நம்பினாள்.

சனிக்கிழமை காலையில் மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. பள்ளி முற்றத்தில் பெற்றோர்கள் பிளாஸ்கில் காப்பியோடு நின்றார்கள். ஹெர்டிஸ் தன் இரட்டைப் பங்கைச் சைக்கிளின் இழுவண்டியிலும், அது கொள்ளாததைக் கடன்வாங்கிய கைவண்டியிலும் ஏற்றத் தொடங்கியதும் பேச்சு ஒரு கணம் அடங்கி, பிறகு முன்னைவிட உரக்க எழுந்தது. தாடிக்காரத் தந்தை ஒருவர் வந்து அவள் தோளைத் தொட்டார்.

“நீங்க ரொம்ப தைரியசாலி, ஹெர்டிஸ்.”

“டாய்லெட் பேப்பர் தூக்கறதுக்கா?” என்று கேட்டாள்.

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தாடியைத் தடவிக்கொண்டு போனார். டீரா தார்ப்பாயை இழுத்துக் கட்டுகளை மூடினாள்.

“அம்மா, வீட்டுங்க முன்னாடியாவது கொஞ்சம் சிரி.”

“சிரிச்சு விக்கறவன் சரக்குல ஓட்டை இருக்கும்.”

“இது டாய்லெட் பேப்பர்மா. ஓட்டைதான் இருக்கும், நடுவுல.”

ஹெர்டிஸ் சிரிக்காமலிருக்கப் பெருமுயற்சி செய்தாள்.

விற்பனை அவள் எதிர்பார்த்ததைவிட எளிதாக இருந்தது. உண்மையில், எளிதிலும் எளிதாக இருந்தது. மணியை அழுத்துவாள். கதவு திறக்கும். “ரெண்டு கட்டு போட்டுக்கவா?” என்பாள், நீதிமன்ற அழைப்பாணையைக் கொடுப்பவளின் குரலில். “ஓ, தாராளமா!” என்று கைபேசியை எடுத்துப் பணத்தை அனுப்பிவிடுவார்கள். இந்தத் தெருவில் பாதிப்பேருக்குப் பேண்டிலோ கால்பந்துக் குழுவிலோ பிள்ளைகள் உண்டு. எல்லோருடைய நிலவறையிலும் இதே கட்டுகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. இருந்தும் வாங்கினார்கள். பூனையோடு தனியாக வாழும் ஓய்வுபெற்ற மாலுமி மூன்று கட்டு கேட்டார்.

“மூணா?” என்றாள் ஹெர்டிஸ்.

“செலவாயிடும், செலவாயிடும்,” என்றார் அவர், பூனையைப் பார்த்தபடி.

வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர்களை அவள் எப்போதும் இளக்காரமாகவே எண்ணிவந்தாள். இப்போது அந்தப் பட்டியலில் ஒரு தெரு முழுதும் சேர்ந்துகொண்டது. இதையா ஒரு கலை என்றார்கள்? இதற்கா அந்த விற்பனைக்காரர்கள் கழுத்துப்பட்டை கட்டி, விருந்து வைத்து, பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினார்கள்? முகத்தில் ஒரு கோடும் அசையாமல் ஒரு காலையில் தான் இரண்டு பங்கு விற்றுவிட முடியுமென்றால், அந்தக் கூட்டத்தைக் காக்கவைத்தது எவ்வளவு நியாயம்! மழை கழுத்துக்குள் இறங்குவதுகூட அவளுக்கு இதமாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நிமிர்ந்து நடந்தாள். டீராவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். கைவண்டியைத் தள்ளியபடி ஏதோ ஓர் அணிவகுப்பு மெட்டை உதட்டுக்குள் ஊதிக்கொண்டே வந்தாள்.

தெருவின் வளைவில் இருந்த வீட்டுக் கதவை ஒட்வார் திறந்தான். கம்பளிக் காலுறையும் கையில் சூப்புக் கரண்டியுமாக நின்றான். குழாய் மூட்டுகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் விற்றவன், அவளுடைய வரவேற்பறையில் பல முறை உட்கார்ந்தவன். அவன் இங்கே குடிவந்தது அவளுக்குத் தெரியாது.

“ஹெர்டிஸ்,” என்றான். “உள்ள வாங்கன்னு சொல்லமாட்டேன்.”

“நானும் வரமாட்டேன். ரெண்டு கட்டு?”

“எத்தனை அடுக்குத் தாள்?”

“மூணு.”

“சோதனைச் சான்றிதழ் இருக்கா?”

அவள் கைகளை மழைச்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

“இன்னும் ரெண்டு எடத்துல விலை விசாரிச்சுட்டு வாங்க, பாக்கலாம்,” என்றான் ஒட்வார். “அதுவரைக்கும் அப்படி ஒக்காருங்க. நாற்காலிதான் இல்ல.”

“உங்க கேஸ்கட் ஒழுகுச்சு.”

“ஒழுகுச்சு. யாரு இல்லன்னா? அதுக்காக ஒரு மனுசன அங்க காப்பி மெஷினை அணைக்கற வரைக்கும் ஒக்கார வெச்சுட்டு, பின்வாசல் வழியா வீட்டுக்குப் போகணுமா?”

அப்படிப் போனது அவளுக்கு நினைவிருந்தது. அன்று அதை எண்ணி வழியெல்லாம் மகிழ்ந்ததும் நினைவிருந்தது.

“வேணுமா, வேணாமா?” என்றாள்.

“வேணாம். எங்கிட்ட நெறையவே இருக்கு.”

“எல்லாருகிட்டயும்தான் இருக்கு. இருந்தும் வாங்கறாங்க.”

ஒட்வார் கரண்டியைத் தாழ்த்தினான். அவன் முகத்திலிருந்த குறும்பு மெல்ல வடிந்தது.

“உங்களுக்குத் தெரியாதா?”

“என்ன தெரியாது?”

“வெங்கே நேத்து சாயங்காலம் வீடு வீடா வந்துட்டுப் போனாங்க. நீங்க வருவீங்க, எல்லாரும் வாங்கிடுங்க, எதையும் காட்டிக்காதீங்கன்னு. உங்க பொண்ணு வியாழக்கிழமை டிராம்போனை அவங்ககிட்ட திருப்பிக் குடுக்கப் போச்சாம். உங்களுக்கு செலவு வெக்க வேணாம், இனிமே வரலன்னுச்சாம். அம்மாகிட்ட சொல்லிடாதீங்கன்னு அழுதுச்சாம். எங்கிட்டயும் கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன்.”

சூப்பின் மணம் வந்தது, கேரட்டும் ஆட்டிறைச்சியும். ஹெர்டிஸ் அந்தக் காலையின் வீடுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தாள். “ஓ, தாராளமா!” பூனையைப் பார்த்த மாலுமி. தாடிக்காரரின் கை. ஒவ்வொருவரும் தம் பாடத்தை ஒப்பித்திருந்தார்கள்; சிலர் மோசமாக. அவள்தான் கவனிக்கவில்லை. இரக்கம் என்ற, இருப்பதிலேயே மட்டமான சரக்கைச் சோதிக்காமல் பெற்றுக்கொண்டிருந்தாள். வழக்கம்போல அவளுக்குள் இளக்காரம் எழுந்தது. வெங்கேயின் மீது பாய்ந்தது, அங்கே நிற்கவில்லை. தெருவின் மீது பாய்ந்தது, அங்கும் நிற்கவில்லை. பின், போக இடமில்லாமல், யாரிடமிருந்து புறப்பட்டதோ அவளிடமே திரும்பி வந்தது.

“உங்களுக்கு மட்டும் ஏன் பாவம்னு தோணல?” என்று கேட்டாள்.

ஒட்வார் யோசித்தான். “உங்களப் பாத்தா? எப்டி இருந்தீங்களோ அப்படியேதான் நிக்கறீங்க. இதுல பாவப்பட என்ன இருக்கு?”

வேலை போன பிறகு யாரும் அவளிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. “சூப்பு தீயுது,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

வாயிற்கதவருகே டீரா காத்திருந்தாள். இழுவண்டி காலியாகிவிட்டது. கைவண்டியில் இரண்டே கட்டுகள் எஞ்சியிருந்தன.

“வாங்கலையா?”

“வாங்கல.”

“ஏன்?”

“தேவையில்லையாம்.”

“பரவால்லம்மா. அந்தப் பச்சை வீடு ஒண்ணு போதும், முடிஞ்சுது.” மழைத்தொப்பிக்குள் டீராவின் முகம் சிவந்து பளபளத்தது. தாயைப் பார்க்காமல், தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தபடி சொன்னாள்: “நீ நெஜமாவே எல்லாத்தையும் வித்துட்ட. நான்… திங்கக்கிழமை போய் டிராம்போன வாங்கிட்டு வந்துடறேன். இந்நேரம் ரிப்பேர் முடிஞ்சிருக்கும்.”

செய்ய வேண்டியது என்னவென்று ஹெர்டிஸுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. வண்டியைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு கதவையும் மறுபடி தட்டி, கட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கான வாக்கியம்கூட அவளுக்குள் எழுவாயும் பயனிலையும் பிசகாமல் உருவாகிவிட்டது: உங்கள் இரக்கம் எனக்குத் தேவைப்படும்போது நானே ஆள் அனுப்புகிறேன். நல்ல வாக்கியம். பழைய ஹெர்டிஸ் அதை இருபத்திரண்டு வாசல்களிலும் ஒரே தொனியில் சொல்லியிருப்பாள். டீரா ஒவ்வொரு முறையும் வாயிற்கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

“அந்த ரிப்பேர்க்காரன் நல்லா பண்ணுவானா?” என்று கேட்டாள்.

டீரா தலையைத் தூக்கித் தாயைப் பார்த்தாள். கயிறு அவள் கையிலேயே நின்றது.

“பண்ணுவான்னு நெனைக்கறேன்,” என்றாள் மெதுவாக.

“அப்ப சரி. தள்ளு.”

இருவரும் கைவண்டியைச் சரிவில் மேலேற்றினார்கள். பச்சை வீட்டின் வாசலில் குழந்தையின் ரப்பர் பூட்ஸ் ஒற்றையாகக் கவிழ்ந்து கிடந்தது. ஹெர்டிஸ் தலைமுடியிலிருந்து நீரை வழித்துவிட்டு மணியை அழுத்தினாள். உள்ளே மணி ஒலித்தது. யாரும் நடந்து வரும் ஓசை கேட்கவில்லை.

கதவில் வரிவரியான கண்ணாடி பதித்திருந்தது. அதன் மறுபுறம், கைக்கெட்டும் தொலைவில், ஏற்கெனவே ஓர் உருவம் நின்றுகொண்டிருந்தது. கைபேசியின் வெளிச்சம் அதன் மார்பளவில் சிறு நீலச் சதுரமாகத் தெரிந்தது. இவ்வளவு சீக்கிரம் திறப்பது நன்றாயிருக்காது என்று எண்ணியதோ என்னவோ, அது மூச்சடக்கி அசையாமல் நின்றது. இப்பக்கம் ஹெர்டிஸும் அசையாமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் டீரா ஒரு கட்டைத் தூக்கி, அதன் நெகிழிமேல் திரண்ட மழைத்துளிகளைத் தன் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.