நேரக்காப்பாளர் வீட்டுக் கடிகாரம்

பேருந்து நிலையத்தில் அவருக்கு ஒரு கூண்டு உண்டு. அதற்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதுவார். ஒரு நிமிடம் பிந்திய ஓட்டுநரையும் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நிலையத்தில் நல்ல பெயர் இல்லை.

வீட்டில், கூடத்துக் கடிகாரம் இருபது நிமிடம் முந்தி ஓடியது. அவரே திருப்பி வைத்தது. பிள்ளைகள் பதறியடித்துப் பள்ளிக்குக் கிளம்புவார்கள் என்பது திட்டம். முதல் வாரம் பதறினார்கள். இரண்டாம் வாரம் இருபதைக் கழிக்கக் கற்றுக்கொண்டார்கள். பள்ளியில் கழித்தல் கணக்கில் கோட்டைவிடும் சின்னவன்கூட இந்தக் கடிகாரத்தில் தப்பு விட்டதில்லை.

வெள்ளி மாலையோடு அந்த வீட்டில் நேரம் முடிந்துவிடும். சனி, ஞாயிறு பிள்ளைகள் பத்து மணிக்கு எழுவார்கள். அவர் பதினொன்றுக்கு. கைக்கடிகாரத்தைக் கூண்டின் இழுப்பறையிலேயே விட்டுவிட்டு வருவார். ஞாயிறு மாலை நாலு மணிவாக்கில் உறுத்தல் வரும். உறுத்தல் வந்தால் அட்டவணை போடுவார்.

அந்த ஞாயிறு போட்டது நான்காவது. பழைய ஓட்டநேரத் தாளின் பின்புறம், சிவப்பு மையில். எழுந்திருத்தல் 6.10. பல் 6.14. குளியல், சின்னவன் 6.19, பெரியவள் 6.31. கடைசி வரிக்கு இரண்டு அடிக்கோடு: பள்ளி போகும்வரை யாரும் போனைத் தொடக்கூடாது.

சோபாவில் படுத்தபடி உரக்கப் படித்தார்.

"கக்கூஸுக்கு எத்தனை மணிங்க?" என்றாள் மனைவி. சீருடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "அதைக் காணோமே. திங்கக்கிழமை லீவா அதுக்கு?"

சின்னவன் தரையில் உருண்டு சிரித்தான்.

"உனக்கு எல்லாமே கேலி. ஒழுங்குன்னா என்னன்னு தெரியுமா?"

"எங்க தெரியும்? ஊருக்கெல்லாம் டைம் சொல்றவர் வீட்டுல கடிகாரமே பொய் சொல்லுது. அதைப் பாத்து வளர்ற புள்ளைங்க வேற எப்படி இருக்கும்?"

பெரியவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பதினோரு வயது. இந்த மாதம் இரண்டு முறை தாமதமாகப் போயிருந்தாள். மூன்றாவது முறை வாசலில் பெயர் எழுதப்பட்டால் தொடர் ஓட்ட அணியிலிருந்து எடுத்துவிடுவதாக விளையாட்டு ஆசிரியை சொல்லியிருந்தார். போட்டி வியாழக்கிழமை. கடைசி ஓட்டம் அவளுடையது.

"அப்பா, நாளைக்கு எட்டு மணிக்கு முன்னாடி நான் கேட்டுக்குள்ள இருக்கணும். அது போதும். இந்தப் பேப்பரெல்லாம் வேணாம்."

"பேப்பர் இல்லம்மா. சிஸ்டம்."

மனைவிக்கு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வேலை நாட்களில் காலை ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது அவர் பொறுப்பு.

மனைவி சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. எல்லோரும் துணி எடுக்க மாடிக்குப் போன சமயம் ஸ்டூல் போட்டு ஏறி, கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பினார். யாரிடமும் சொல்லவில்லை. தாங்களாகக் கண்டுபிடித்துப் பாராட்டட்டும் என்று விட்டார். பிறகு டிவியில் மேட்ச் தொடங்கியது. அவரும் மறந்தார்.

பெரியவள் அன்று சீருடையோடு படுத்தாள்.

காலையில் கடிகாரம் ஆறரை காட்டியது. அவள் இருபதைக் கழித்து, சரியாக 6.10 என்று அப்பாவை எழுப்பினாள். அட்டவணை பிசகில்லாமல் ஓடியது. போன்கள் இழுப்பறைக்குள் இருந்தன. கடிகாரம் ஏழரை காட்டியபோது ஷூ போட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"போலாம்பா."

"மணி ஏழு பத்துதான். ஏழரைக்குக் கிளம்பினா போதும். உக்காரு."

"எதிர் வீட்டு ஸ்கூல் வேன் போயிடுச்சுப்பா. அது ஏழரைக்குத்தானே போகும்?"

"டிரைவர் புதுசா இருப்பான். சீக்கிரம் வந்திருப்பான்." அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவினார். ஓரம்வரை தடவினார். "முப்பது வருஷமா டைம் பாக்குறேன். எங்கிட்டயா?"

கடிகாரம் ஏழு ஐம்பது காட்டியதும் எழுந்தார். "பாத்தியா. கரெக்டா ஏழரை."

பேருந்தில் ஏறும்போது நடத்துநர் முகமெல்லாம் பல்லாக நின்றார். "என்ன சார், நீங்களே இன்னைக்கு லேட்டு! மணி எட்டாகப் போகுது."

அவருக்கு அப்போது ஸ்டூல் ஞாபகம் வந்தது. பெரியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வழி முழுக்க ஜன்னலைப் பார்த்தாள்.

"கடிகாரத்தைத் திருப்பிட்டீங்களா?" என்று இறங்கும்போது கேட்டாள்.

"சரிதானே பண்ணினேன்?" என்றார் அவர்.

பள்ளி வாசல் சாத்தியிருந்தது. காவலாளி நோட்டைத் திறந்தார். மணி எட்டேகால்.

"பஸ் லேட்டுப்பா," என்றார் அவர்.

"எந்த பஸ் சார்? நீங்கதானே டைம் கீப்பர்? உங்க புக்குல அப்படியா எழுதியிருக்கு?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். சின்னவன் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"பஸ் லேட் இல்லண்ணே," என்றாள் பெரியவள்.

"அப்போ காரணம்னு என்னம்மா எழுத?"

"அப்பான்னு எழுதுங்க."

காவலாளி அவரைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

வியாழக்கிழமை கடைசி ஓட்டத்தை வேறொருத்தி ஓடினாள். பெரியவள் கைதட்டும் வரிசையில் நின்றாள்.

அந்தச் செவ்வாயிலிருந்தே அவள் அம்மாவோடு ஐந்தரைக்குக் கிளம்பிவிடுகிறாள். பரிசோதனைக் கூடத்தின் இரும்பு நாற்காலியில், வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்கிறாள். ஏழரைக்கு அங்கிருந்து நடந்தே போகிறாள். சனி, ஞாயிறும் ஐந்து மணிக்கே விழித்துவிடுகிறாள். சின்னவன் மட்டும் அப்பாவோடு போய்த் தாமதமாக இறங்குகிறான்.

கூடத்துக் கடிகாரம் இப்போது அரைமணி நேரம் முந்தி ஓடுகிறது.

"பொண்ணு தானா அஞ்சு மணிக்கே எந்திரிக்கிறா," என்று அவர் கூண்டுக்குள்ளிருந்து ஓட்டுநர்களிடம் சொல்கிறார். "எல்லாம் என் அட்டவணைதான்."

வீட்டில் இரண்டு பிள்ளைகள் உள்ள ஓட்டுநர் ஒருவர் நகல் கேட்டார். சிவப்பு மையிலேயே எழுதிக் கொடுத்தார்.