மூன்று ஆசிரியர்கள்

பாலர் வகுப்பு ஆசிரியைக்கு அன்று முப்பத்துநான்கு பிள்ளைகள். எல்லாம் மூன்று, நான்கு வயது. ஒருத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொருவனுக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மேற்பார்வைக்கு வந்த அதிகாரி படிவத்தை நீட்டினார். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது சட்டம். படிவத்தில் மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள்: அவள், சமையல்கார அக்கா, வாசல் காவலாளி.

"கையெழுத்துப் போடும்மா. எல்லா இடத்துலயும் இப்படித்தான்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன வாரம் ஒரு புள்ள கதவிடுக்குல விரல நசுக்கிக்கிச்சு சார். நான் கழிப்பறையில நாலு பேரக் கழுவிவிட்டுட்டு இருந்தேன். மத்த ரெண்டு டீச்சரும் எங்க போயிருந்தாங்கன்னு அவங்கம்மாகிட்ட நீங்களே சொல்றீங்களா?"

"வீணா வம்ப விலைக்கு வாங்காதம்மா."

அவள் மற்ற இரண்டு பெயர்களையும் அடித்துவிட்டு, "ஆசிரியர் ஒருவர்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அதன் நகலைப் பெற்றோர் பார்க்கும் பலகையில் ஒட்டினாள். மறுநாள் மதியம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்குள் பதினோரு தாய்மார் மேலதிகாரியின் அலுவலக வாசலில் போய் நின்றிருந்தார்கள்.