கூடைக்குள் கடல் ஆலா

மட்டாஞ்சேரி சாக்கடைகளில் கொசு மருந்து அடிப்பது செல்லப்பாவுக்கு கார்ப்பரேஷன் கொடுத்த வேலை. அபூர்வமான பறவை ஏதாவது கண்ணில் பட்டால் திருச்சூரில் இருந்த பறவைச் சங்கம் ஒன்றுக்குக் கார்டு எழுதுவது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. சங்கத்தார் லேசுப்பட்டவர்கள் இல்லை. ‘தனியாளாகப் பார்த்ததை ஏற்பதற்கில்லை. கூடப் பார்த்தவர் யார்? இல்லையென்றால் பறவையின் உடலை அனுப்பவும்’ என்று ஒவ்வொரு தடவையும் கையை விரித்தார்கள். கண்டவர் என்று தன் பெயர் ஒரே ஒரு முறை அச்சில் வர வேண்டும், மனிதருக்கு அவ்வளவுதான் ஆசை. மனைவி மாடத்தியோ, “காக்காயைப் பார்த்துக் கடுதாசி போடுற ஆளு” என்று தெருவெல்லாம் கேலி செய்வாள்.

எழுபத்தெட்டு ஜூனில் பேய்மழை ஓய்ந்த ஒரு மத்தியானம். சாப்பிட வந்தவர் வாசலில் கூடை கவிழ்ந்திருப்பதைக் கண்டார்.

“பக்கத்து வீட்டு கமலாக்ஷி சேச்சியோட தாராவுக் குஞ்சுங்க, வாத்து” என்றாள் மாடத்தி. “ ஓடையில கெடந்துச்சு. கால்ல விரலுக்கு நடுவுல தோல் இருக்கே, பாருங்க. பூனை கிட்ட வந்துச்சு, எடுத்து மூடி வச்சேன். ரெண்டு நத்தோலி மீன் தின்னுச்சு, பாவம்.”

செல்லப்பா இடுக்கில் பார்த்தார். முதுகு கறுப்பு, நெற்றி வெள்ளை, பிளந்த வால். வாத்தாவது! நடுக்கடலிலேயே காலம் கழிக்கும் ஆலா. காற்று அடித்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறது.

கழுத்தைத் திருகி அனுப்பினால் சங்கம் வாயை மூடும். கூடைக்குள் கையை விட்டார். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடத்தது.

“கொல்லப் போறீங்களா?” மாடத்தியின் குரல் உடைந்தது.

“சே, போடி” என்றார். அந்த நினைப்பு வந்ததற்கே வெட்கமாக இருந்தது.

இருவரும் படகுத்துறைக்குப் போய் அதைத் தூக்கி விட்டார்கள். தடுமாறியது, தாழ்ந்தது, பிறகு காயல் கடலில் சேரும் அழிமுகம் பார்த்து எழும்பியது. “பறக்குதுங்க!” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் மாடத்தி.

வீட்டில் கார்டை எடுத்தார்.

“கூடப் பார்த்தது நானுன்னு எழுதுங்க. இத்தன நாளா அதைத்தானே கேக்குறாங்க?”

பேனா மூடியைக் கழற்றினார். கார்டில் மட்டும் அவர் இதுவரை பொய் எழுதியதில்லை. மலையாளத்தில் எழுதி நீட்டினார். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

முதலில் கண்டவர்: மாடத்தி. கூடப் பார்த்தவர்: செல்லப்பா.

“உங்க ஆசையாச்சேங்க இது…”

“நீ மூடி வைக்கலேன்னா பூனை தின்னிருக்கும். உள்ளதைத்தானே எழுதணும்.”

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கார்டை மாராப்புக்குள் செருகி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தபால்பெட்டிக்கு அவளே நடந்தாள்.