சுண்ணக்கட்டியில் வரைந்த வண்டி

கோட்டுக்கு வெளியே என் செருப்பு மட்டும் கிடக்கிறது, சிமென்ட் தரையில் வெள்ளையாக ஓடும் கோடு, அதற்கு உள்ளே நான் வெறுங்காலோடு நிற்கிறேன், கரூரைத் தாண்டிப் புறவழிச்சாலை ஓரமாகத் தகரக் கூரை போட்ட, வண்டிக்குக் கூண்டு கட்டும் பட்டறை அது, கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து கிடக்கிறது, எங்கோ ஒரு மூலையில் வெல்டிங் பொறி தெறிக்கிறது, மேஸ்திரி சென்னியப்பன் சுண்ணக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு, பாத்து வாங்கம்மணி, அது செவுரு, கதவு இந்தப் பக்கமுங்க என்கிறார், நான் சட்டென்று நின்று, இல்லாத சுவரில் இடித்துக்கொள்ளாமல் சுற்றிப் போய், கோட்டில் அவர் விட்டிருந்த இடைவெளி வழியாக மறுபடி உள்ளே வருகிறேன். அவர் எந்த வண்டியையும் தாளில் வரைந்து காட்டமாட்டார், தாள்ல எல்லா வண்டியும் அழகாத்தான் இருக்குமுங்க, நடந்து பாத்தாத்தான் எங்க இடிக்குதுன்னு தெரியும் என்பார், லாரி கட்டக் கொடுப்பவர்களும் கறிக்கோழி ஏற்றுபவர்களும் எல்லாரும் அப்படித்தான் அந்தத் தரையில் ஒருமுறை நடந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அழித்த கோடுகளின் மேல் புதுக் கோடுகள், ஓடாத எத்தனையோ வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே நின்றுகொண்டிருந்தன, அவற்றில் எங்களுடையதும் ஒன்று. செருப்பைக் கழற்றியதை நான் கவனிக்கவே இல்லை, ஏனுங்கம்மணி, கோயிலா கட்டப்போறேன், வண்டிதானுங்களே என்று அவர் சிரித்தபோதுதான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன், இத்தனை வருஷமாகப் பிறர் வீட்டுக் கம்பளம் துவைத்த கால்கள், வாசற்படி என்று எதைப் பார்த்தாலும் தாமாகவே செருப்பை உதறிவிடுகின்றன, வங்கியிலும்கூட ஒருமுறை கழற்றியிருக்கிறேன், வெளியே காவலுக்கு இருந்தவர், அம்மா, போட்டுக்கிட்டே போலாம்மா என்றார், நங்கை அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்.

நங்கை என்றால் எங்கள் பக்கத்தில் கணவனின் அக்கா, மயிலாத்தாள் என்பது அவர் பெயர், ஆனால் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது, கணவன் என்கிற மனிதர் ஒரு சித்திரை மாதம் வேறொரு பெண்ணோடு ஊரைவிட்டுப் போனார், போனவரைப் பற்றி எனக்கு இப்போது கோபம்கூட வருவதில்லை, முகம் தண்ணீரில் கரைந்த சாயம்போல ஆகிவிட்டது, ஆனால் அன்று மாலை என் வாசலில் வந்து நின்ற நங்கையின் முகம் அப்படியே இருக்கிறது, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், வேலை முடிந்து அப்படியே வந்த சீருடைச் சேலை, அப்போது அவர் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் கம்பளம் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார், எந்தம்பி போனாப் போறான், அவன் போன வழிக்கு நானும் போயிருவேன்னு நெனச்சியா, பழத்தத் தின்னு, நாளைக்கு எங்கூட வேலைக்கு வா என்றார், நான், நீங்க இனி எனக்கு யாருங்க நங்கை என்று கேட்டேன், எவ்வளவு கொடுமையான கேள்வி, அவர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, நங்கைன்னு இப்பத்தான சொன்ன, அப்பறம் யாருங்கற என்றார். முடிச்சுப் போட்டவன் போய்விட்டான், முடிச்சு மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவே அவிழாமல் இருந்தது. அந்த ஓட்டலின் கல்யாணக் கூடத்தில், நீளமான சிவப்புக் கம்பளத்தின்மேல் முழங்காலிட்டு, யாரோ கொட்டிய பாயசத்தையும் யாரோ மிதித்த குங்குமத்தையும் தேய்த்துக்கொண்டே நான் அழுவேன், ஏம்புள்ள, தேச்ச எடத்துலயே அழுவாத, மறுக்கா மிஷினு போடோணும், அக்கட்டால தேய்க்காத எடத்துல போயி அழுவு என்பார் நங்கை, நான் அழுதுகொண்டே சிரிப்பேன், இன்றைக்கும் ஈரக் கம்பளத்தின் வாசனை, நனைந்த ஆட்டின் வாசனைபோல அது, மூக்கில் ஏறியதும் எனக்கு முதலில் வருவது சிரிப்பா அழுகையா என்று தெரியாது.

பிறகு ஓட்டலை விட்டோம், சொந்தமாக ஒரு பழைய குட்டியானை வண்டி, அதன் முதுகில் உறிஞ்சும் மிஷின், இரண்டு டிரம், மேலே நீலத் தார்ப்பாய், ஓட்டப் பழகியது நான், பழகவைத்தது நங்கை, பயமாருக்குதுங்க என்றால், பயந்துக்கிட்டே ஓட்டு, ஆரு வேண்டான்னா என்பார். வீடு வீடாகப் போனோம், நாய் வளர்க்கும் வீடு, குழந்தை தவழும் வீடு, பல்மருத்துவர் ஒருவரின் வீடு, தார்ப்பாய்க்கு அடியில் நிமிர முடியாது, நாள் முழுக்கக் குனிந்தே இருந்து, ராத்திரி படுத்தாலும் முதுகு குனிந்தபடியே படுக்கும், கனவில் கம்பளங்கள் வெள்ளத்தில் மிதந்து போகும், பூப்போட்டவை, மான் போட்டவை, நான் கரையோரமாக ஓடுவேன், நங்கை ஒரு கம்பளத்தின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாடி, ஏறு என்று கூப்பிடுவார், ஏறப் போகும்போது விழிப்பு வந்துவிடும், அல்லது விழிக்காமலே அடுத்த கனவு. நங்கை வண்டியில் ஏறுவதற்கு ஒரு சிவப்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டுக்கொள்வார், எனக்குத் தாவத் தெரியும், அவருக்கு வாளி, போன ஆடிக் காற்றில் அந்த வாளி சரிந்தது, அவர் விழுந்தார், விழுந்த இடத்திலேயே மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தார், நல்லாருக்குது கண்ணு, இப்படிப் படுத்துப் பல வருசமாச்சு என்றார், நானும் சிரித்தேன், சிரித்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவர் சுவரைப் பிடித்து நடந்தார், யாரும் பார்க்காதபோது மட்டும், பல்லடத்திலிருந்து அவர் மகள் போன் செய்யும்போது முன்பெல்லாம், வேல கெடக்குது வெய்யி என்பவர், இப்போது வாசலுக்கு எடுத்துப் போய்த் தணிந்த குரலில் வெகுநேரம் பேசினார், புது வண்டி கட்டலாம் என்று சொன்னதும் அவர்தான், பெருசாக் கட்டு, நீ நிமுந்து நின்னு வேல பண்ற மாதிரி கட்டு, வெயக்காலத்துல அப்பார்ட்மென்ட்டுக்காரன் ஒரு குடம் தண்ணி தரமாட்டேங்கறான், நம்ம தண்ணி நம்ம வண்டியிலயே இருக்கோணும் என்றார்.

அதனால்தான் அந்தப் பட்டறை, அந்தக் கோடு, அதற்குள் நான். நங்கை ஒரு இரும்புத் தூணில் சாய்ந்து நின்றபடி அளவு சொல்கிறார், தண்ணிக்குழா சுத்தற உருளைய இவ தோளு ஒசரத்துக்கு வெய்யுங்க, அதுக்கு மேல போனா இவளுக்குக் கழுத்துப் புடிச்சுக்கும், சோப்புக் கேனு வலப்பக்கம், இவளுக்கு எடது கை சொல்பேச்சுக் கேக்காது, கூரை இவ தலைக்கு மேல ஒரு சாண் இருக்கட்டும், கம்பளம் தொங்கவுடற கம்பி இவ எட்டிப் புடிக்கற மாதிரி, சென்னியப்பன் சொல்லச் சொல்ல வரைந்துகொண்டே போகிறார், உருளைக்கு ஒரு வட்டம், கேனுக்கு ஒரு சதுரம், நான் இல்லாத கம்பியை எட்டிப் பிடித்துப் பார்க்கிறேன், கை சரியாகப் போய் நிற்கிறது, என் உடம்பை இவ்வளவு தெரிந்துவைத்திருக்கும் ஒருவர் இந்த உலகத்தில் இருக்கிறார், என்னைப் பெற்றவளுக்கும் இடது கை விஷயம் தெரியாது. அப்போது சென்னியப்பன் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு ரோசனைதானுங்க பாக்கி என்றார், பக்கவாட்டுல கதவு வெட்டித் தாழ்வாப் படி எறக்கலாம், வயசானவங்ககூடக் காலு தூக்கற சிரமம் இல்லாம ஏறிக்கலாம், ஆனா படி வர்ற எடத்துல அடித்தொட்டி உக்காராது, தண்ணி பாதியாப் போயிரும், படி வேண்டாம்னா தொட்டி முழுசா வரும், பின்கதவுல தாவி ஏறிக்கோணும், எப்படிங்க பண்றது. நங்கை யோசிக்கவே இல்லை, தண்ணிதானுங்க முக்கியம், அதுக்குத்தான இத்தன பாடு, படி எதுக்கு, இவ தாவி ஏறிக்குவா.

இவ ஏறிக்குவா. அந்தச் சொல் தகரக் கூரையில் போய்த் தட்டித் திரும்பியதுபோல இருந்தது, காலையிலிருந்து அவர் சொன்ன அளவுகள் எல்லாம் ஒவ்வொன்றாக எனக்குள் திரும்பி வந்தன, இவ தோளு, இவ தலை, இவ கை, அந்த வண்டிக்குள் அவருடைய தோளுக்கு ஒரு வட்டமில்லை, அவருடைய கைக்கு ஒரு சதுரமில்லை, நான் திரும்பிப் பார்த்தேன், கோட்டுக்கு வெளியே என் செருப்பு மட்டும் கிடந்தது. அவர் கழற்றவே இல்லை. என்னைவிடப் பழைய கால்கள் அவருடையவை, ஓட்டலின் கம்பளத்தை வெறுங்காலால் தடவியே எந்த இடம் இன்னும் காயவில்லை என்று சொல்கிற கால்கள், பெட்டிக்கடையின் சாக்குமேல்கூடச் செருப்போடு மிதிக்காதவர், வாரை இறுக்கிப் போட்டுக்கொண்டு, கோட்டிலிருந்து ஒரு அடி தள்ளி, வழியனுப்ப வந்தவர்போல நின்றுகொண்டிருந்தார், பல்லடத்துக்குப் போகிற பேருந்து அந்தப் பட்டறைக்குள்ளேயே வந்து நிற்கப்போவதுபோல.

படி வெய்யுங்க என்றேன். என்ன என்றார் நங்கை. தொட்டி பாதி போதுமுங்க, படி வெய்யுங்க என்று சென்னியப்பனைப் பார்த்துச் சொன்னேன், அவர் என்னையும் நங்கையையும் மாறி மாறிப் பார்த்தார், உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா, தண்ணியில்லாம எச்சித் துப்பியா கம்பளம் தொவைப்ப என்று நங்கை கத்தினார், வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், வர்ற வண்டியக் கெடுக்காத புள்ள, எனக்காகப் பாக்காத, நான் நாலு நாளைக்கு இருப்பேன், அப்பறம் மக ஊட்டுல போயி ஒக்காந்துக்குவேன், நீதான் ஓட்டோணும், நீதான் பொழைக்கோணும் என்றார், நான், நீங்க செருப்பக் கழட்டலீங்களே நங்கை என்றேன். அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். சென்னியப்பன் நல்ல மனிதர், நான் டீ சொல்லிட்டு வந்தர்றனுங்க என்று அந்தப் பக்கம் போய்விட்டார். நங்கை, அதொன்றுமில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, குனிஞ்சு வாரைக் கழட்ட முடியல கண்ணு, முட்டி மடங்க மாட்டேங்குது, அதான், வேறொண்ணுமில்ல என்றார், அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை, நான் கோட்டைத் தாண்டி, கதவு வழியாகக்கூட அல்ல, சுவரின் மேலேயே மிதித்துக்கொண்டு போய், அவர் முன்னால் முழங்காலிட்டேன், எத்தனை கம்பளத்தின் முன்னால் இட்ட முழங்கால், வாரின் கொக்கியை அவிழ்த்தேன், ஒரு கால், இன்னொரு கால், வெளிப்பக்கமாகத் தேய்ந்த குதிகால், அவர் என் தலைமேல் கையை ஊன்றிக்கொண்டார், ஆசீர்வாதம்போல அல்ல, விழாமலிருக்க. ஆளுக தண்ணி தரமாட்டாங்க என்றார் மேலேயிருந்து. கேப்பமுங்க. கேட்டாலும் தரமாட்டாங்க. மறுக்காவும் கேப்பமுங்க. கெரகம், உன்னோட என்னால முடியாது என்றவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு, சென்னியப்பன் இன்னும் வரையாத படியில், தரையிலிருந்து அரையடி உயரத்துக்குக் காலைத் தூக்கி, காற்றில் ஒருமுறை மிதித்து, வண்டிக்குள் ஏறினார். டீயோடு வந்த சென்னியப்பன் அதைப் பார்த்துவிட்டு, படி அவ்ளோ ஒசரம் இருக்காதுங்கக்கா, இன்னும் தாழ்வாத்தான் வெப்பேன் என்றார்.

ஏறியது அன்றா, இன்றா, சில சமயம் எனக்குக் குழம்பிவிடுகிறது, நங்கை ஏறிக்கொண்டே இருக்கிறார், சுண்ணக்கட்டிக் கோடு எழும்பித் தகரமாகிறது, வட்டம் உருளையாகிச் சுற்றுகிறது, வெள்ளைச் சாயம் பூசிய கூண்டுக்குள் நான் நிமிர்ந்து நிற்கிறேன், தலைக்கு மேல் ஒரு சாண், உள்ளே வலது மூலையில் அவர் உட்கார ஒரு மடக்குப் பலகை, அவர் முழங்காலின் உயரத்துக்கு, அந்த அளவை மட்டும் நான் சொன்னேன். இன்று காலை ஒரு தேவாலயத்தின் வளாகத்தில் வண்டி நிற்கிறது, கிறிஸ்துமஸ் வருகிறது, நடுப்பாதையின் நீளக் கம்பளம் பாதி நுரையோடு கிடக்க, தொட்டி காலியாகி மிஷின் காற்றைக் குடித்துக் கதறுகிறது, நான் என்ன சொன்னேன், பட்டறையில வெச்சே சொன்னேனில்ல, எச்சித் துப்பித் தொவை என்று பலகையில் உட்கார்ந்தபடி நங்கை ஆரம்பிக்கிறார், இந்த மாதத்தில் எத்தனையாவது முறையோ, வாடிக்கையில் ஒன்றிரண்டு இதனாலேயே கைவிட்டும் போயிருக்கிறது, அவர் சொன்னது சரி, நான் செய்ததும் சரி, நான் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன், கிணற்றடியில், ஆலயத்தில் மணியடிக்கிற கோயில்பிள்ளை, வண்டியப் பாத்துத் தண்ணி வண்டின்னு நெனச்சேன், நீங்களே தண்ணி கேக்கறீங்களே என்று சிரித்தபடி மோட்டாரைப் போடுகிறார், தண்ணீர் பொங்கி விழுகிறது, குளிர்ந்த தண்ணீர், யாரோ வெட்டிய கிணறு, யாரோ தருகிற தண்ணீர், திரும்பி நடக்கும்போதுதான் என் பாதம் வெளிப்பக்கமாகச் சாய்வதை உணர்கிறேன், குனிந்து பார்த்தால் நங்கையின் செருப்பு, அவசரத்தில் மாற்றிப் போட்டிருக்கிறேன், அவிழ்ந்த வார் தரையில் இழுபட்டு வருகிறது, இத்தனை வருஷம் அவர் நடந்து தேய்த்த சாய்வில் என் கால் சாய்ந்து சாய்ந்து, அவர் நடப்பதைப் போலவே, இரண்டு வாளித் தண்ணீரோடு வண்டிக்கு வருகிறது, உள்ளேயிருந்து நங்கையின் வசவு ஓயாமல் கேட்கிறது, தாழ்வான படிக்குக் கீழே, என் செருப்பு மட்டும் கிடக்கிறது.