மூன்று ஓட்டை கேஸ்கெட்

அக்கா சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்பியபோது தம்பி இன்ஜின்மேல் கையை ஊன்றி விசிலடித்துக்கொண்டிருந்தான். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை மாட்டி, போல்ட்டுகளையும் இறுக்கிவிட்டிருந்தான்.

"நீ வர்றதுக்குள்ள முடிச்சிட்டேன் பாத்தியா. நானும் உன் தம்பிதானே."

அவள் பக்கவாட்டில் குனிந்தாள். ஹெட்டுக்கும் கீழே உள்ள இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட் தகட்டின் ஓரத்தில் சின்ன நாக்கு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதிலுள்ள ஓட்டைகள்தான் தகட்டின் கனத்தைச் சொல்லும்; ஓட்டை கூடினால் கனமும் கூடும். பிஸ்டன்கள் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகின்றன என்று காலையில் அளந்துபார்த்து, மூன்று ஓட்டை உள்ளதை அவனிடம் வாங்கிவரச் சொல்லியிருந்தாள்.

நாக்கில் இரண்டுதான் இருந்தன.

"மூணு எங்கடா?"

"கடையில இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்னார் கடைக்காரர். ஒரு முடி வித்தியாசமாம்."

"அந்த முடியிலதான் பிஸ்டன் போய் ஹெட்டுல இடிக்கும். அப்ப அவரா வந்து மலையில வண்டியத் தள்ளுவார்?"

போன வாரம் இதே வேன் ஆஸ்பத்திரிக்குப் போகும் மலைப்பாதையில் புகை கக்கி நின்றது. டயாலிசிஸுக்குப் போக வேண்டிய அம்மா, வீங்கிய காலைக் கல்மேல் நீட்டிக்கொண்டு மதியம்வரை வெயிலில் கிடந்தாள். நாளை மறுபடியும் ஆஸ்பத்திரி.

"நாளைக்கு வண்டி வேணும்க்கா. நீ அளந்துக்கிட்டே இருந்தா அம்மா ரத்தம் காத்திருக்குமா?"

"அதனால அவள நடுவழியில சாகடிக்கலாம்னு பாத்தியா?"

அவன் முகம் சுருங்கியது. "சரி, கழட்டு. வேற கேஸ்கெட் தேடிட்டு வரேன். அதே போல்ட்டப் போட்டுக்கலாம்."

"இந்தப் போல்ட்டு ஒரு தடவ இறுக்கினா நீண்டுடும், மறுபடி ஆகாது. இருந்தது ஒரே செட்டு. அதையும் முழுங்கிட்டு ஏப்பம் விட்டுட்ட."

அவனுடைய போன் அடித்தது. அம்மா. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"வண்டி ரெடியாடா?"

அவன் அக்காவைப் பார்த்தான். "அக்காதாம்மா... இன்னும் இழுத்துக்கிட்டே இருக்கா."

அக்காவுக்குக் காது மடல்வரை சூடேறியது. போனைப் பிடுங்கவில்லை. நீளப் பிடி ஸ்பேனரை எடுத்து ஓரத்துப் போல்ட்டில் மாட்டி, முழு எடையையும் போட்டு இழுத்தாள். போல்ட் படீரென்று பிடி விட்டது.

"என்னடா சத்தம் அது?"

அடுத்ததும் விட்டது. அதற்கடுத்ததில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"நான் தப்பா மாட்டிட்டேம்மா," என்றான் அவன். "அக்கா கழட்டுறா. நாளைக்கு வேற வண்டி பிடிச்சு நானே கூட்டிட்டுப் போறேன்."

அவள் மூன்றாவது போல்ட்டை இழுத்தாள்.