சும்மா நடந்த ஞாயிற்றுக்கிழமை

அற்புதராஜ் வாத்தியாரை இங்கிலாந்துக்கு அனுப்பியவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். ஒன்பது மாதப் பயிற்சிக்குப் போனவர், 1958இல் சேலத்துக்குத் திரும்பும்போது நடைப் பைத்தியத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அங்கே ஞாயிற்றுக்கிழமையானால் ஜனங்கள் அடுத்தவர் வயல் வழியாகச் சும்மா நடப்பார்களாம். அதற்குச் சட்டதிட்டம் வேறு. ஒற்றை வரிசையில் போக வேண்டும். சத்தம் கூடாது. விவசாயிக்குத் தொந்தரவு தராமல், வந்த சுவடே தெரியாமல் போய்விட வேண்டும்.

"அவ்வளவு தூரம் நடந்து எங்க போவாங்க?" என்று கேட்டேன்.

"கிளம்பின இடத்துக்கே, தோமினிக்!" என்றார் பெருமையாக.

அவர் பேச்சைத் தட்ட முடியாமல், ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் என் கூட்டாளி சவரியாரும் அவரோடு சேந்தமங்கலத்துக்கு பஸ் ஏறினோம். நிலக்கடலைக் காட்டு வரப்பில் வாத்தியார் முன்னால், நாங்கள் பின்னால், வாயே திறக்காமல் நடந்தோம். வரப்பு ஒரு தோட்டத்து வீட்டு வாசலில் போய் முடிந்தது. அங்கே கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டிருந்தது. வீட்டுக்கார அம்மாள் ராமாயி எழுந்து வந்தாள். வாத்தியார் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார். நாங்கள் தலைத்துண்டை எடுத்தோம். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். வாத்தியார் வேண்டாமென்று கையசைத்தார். பின்னால் தெரிந்த கொல்லிமலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அப்புறம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம்.

எங்கள் பக்கத்தில் எழவு சொல்லவும் எழவு வீட்டுக்கும்தான் அப்படிப் போவார்கள். துண்டை எடுப்பார்கள், வாய் நனைக்க மாட்டார்கள், "வாரேன்" என்று சொல்லாமல் திரும்புவார்கள். அது அப்போது எங்கள் மரமண்டையில் உறைக்கவில்லை. ராமாயியின் புருஷன் மருதாசலமோ கல்யாணச் சாமான் வாங்க முந்தின நாளே ஆத்தூருக்குப் போயிருந்தார். அவள் வேறென்ன நினைப்பாள்? நாங்கள் காட்டைத் தாண்டுவதற்குள் ஒப்பாரி கேட்டது. "ஆகா, கிராமியப் பாட்டு!" என்று ரசித்தார் வாத்தியார்.

மத்தியானம் பஸ்ஸுக்குக் காத்திருந்த எங்களை நாலு ஆட்கள் வந்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே வாசலில் ஊரே கூடியிருந்தது. ஆத்தூரிலிருந்து வந்து சேர்ந்த மருதாசலம், தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பந்தல் வேலை பார்க்க அன்றைக்கென்று வந்திருந்த சம்பந்தி செல்லமுத்து, புதன்கிழமை கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டாராம்.

"நாந்தான் சாகலீங்களே!" என்றார் மருதாசலம்.

"அழுதது அழுததுதானுங்க. எழவு உழுந்த ஊட்டுல பொண்ணெடுக்க முடியுங்களா?" என்ற செல்லமுத்து எங்கள் பக்கம் திரும்பினார். "யாரு எழவைச் சொல்ல வந்தீங்க?"

"யாருமே சாகலைங்க. சும்மா நடந்தோம்," என்றார் வாத்தியார்.

கூட்டம் சிரித்தது. சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்து எவனாவது சும்மா நடப்பானா? உள்ளே கல்யாணப்பெண் சௌந்திரம் விசும்புவது கேட்டது. எனக்கு வெட்கமாகவும் பாவமாகவும் இருந்தது.

வாத்தியாருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். "அந்த அழுகையை எம் பேர்ல வச்சுக்குங்க. செத்தது நான்தான்," என்றார்.

செல்லமுத்து யோசித்தார். "நீங்க இவிகளுக்குப் பங்காளி இல்லீங்களே?"

"ஒரு சொந்தமும் இல்லைங்க. நான் கிறிஸ்தவன்."

"அப்பத் தீட்டில்லீங்க." சம்பந்தியின் முகம் தெளிந்தது. "ஆனா செத்தவரு மறுக்கா இந்தப் பக்கம் நடமாடக் கூடாதுங்க."

வாத்தியார் வரப்பையும் மலையையும் ஒருமுறை பார்த்தார். "சரிங்க," என்றார்.

மருதாசலம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு அவசியம் வந்துரோணுமுங்க, சாமி!"

"செத்தவரு எப்படீங்க வருவாரு?" என்று அதட்டினார் செல்லமுத்து.

புதன்கிழமை நானும் சவரியாரும் மட்டும் போனோம். சௌந்திரத்தின் கழுத்தில் தாலி ஏறியது. பந்தியில் செல்லமுத்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பாவம், அவருக்குக் கொழந்த குட்டி இருக்குதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க."

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல மனுசனுங்க. இப்படிப் பொசுக்குன்னு போயிட்டாரே!"

காலையில் வாத்தியாரோடு காபி குடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இருந்தாலும் இலைமுன் உட்கார்ந்து அழுதேன்.