மாரியம்மனை இறக்கச் சொன்ன சனிக்கிழமை

தாய்லாந்துக்குப் போகிற ஊழியக் குழுவில் என் பெயரும் இருந்தது. மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வார முகாம். எங்கள் வம்சத்திலேயே பாஸ்போர்ட் எடுத்தவள் நான்தான். டிகிரி வாங்கியவளும் நான்தான். ஆனால் நான் துடித்தது ஊர் பார்க்க இல்லை. ஞானஸ்நானம் எடுத்த புதிதில், கண்ணை மூடினாலே பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு அது இல்லை. ஜெபித்தால், ஆளில்லாத வீட்டுக்கு போன் அடித்துக்கொண்டே இருப்பது போல இருந்தது. ஊழியத்துக்குப் போனால் அவர் மறுபடியும் பேசுவார் என்று நம்பினேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சில் வாரா வாரம் ஆயத்தக் கூடுகை நடக்கும். நடத்துகிறவர் மௌரீன் ஆன்ட்டி. மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம், பியானோ இருக்கிற வீடு. கெட்டவர் இல்லை. அதுதான் என் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ கத்திவிட்டு வந்திருப்பேன்.

"புறப்படறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் வீட்டுலயும் போய் ஜெபிக்கப்போறோம். வீடு சுத்தமா இருக்கணும்" என்றார். "இளவேனில், உங்க வீட்டுல அந்தப் படம் இன்னும் இருக்கா?"

"இருக்கு ஆன்ட்டி. அது அம்மாவோடது."

"ஒரே ரூம்தானேம்மா? நீ அதுக்குக் கீழதானே முழங்கால் போடற?"

பக்கத்தில், அதே குழுவில் வருகிற நீல் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினான். காலேஜில் கொஞ்ச நாள் சிகரெட் பிடித்ததுதான் அவனுடைய மொத்தப் பாவ வாழ்க்கையும். சாட்சி சொல்லும்போது அதையே அழுது அழுது சொல்வான். அவன் வீட்டுச் சுவரை யாரும் விசாரிக்கவில்லை.

"சனிக்கிழமை நாங்க வரும்போது அது இருந்தா, ஸாரிம்மா, உன்னைக் கூட்டிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்ல. ஜெபத்துல தடையா இருக்குன்னு நீயே சொன்னியே. அது எங்கேயிருந்து வருதுன்னு நினைக்கற?"

என்னைக் கொன்றது அந்தக் கேள்விதான். ஒருவேளை உண்மையாகவே இருந்தால்?

அந்தப் படம் வந்த கதையைச் சொல்கிறேன். நான் டிகிரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது அம்மாவுக்கு அம்மை போட்டது. பொம்மனஹள்ளி வீட்டு ஓனர் வாசலில் நின்று "காலி மாடி, காலி மாடி" என்று, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தான். சொந்தக்காரர் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. என் கிளாஸ்மேட் லவினா மட்டும் வாசலில் கட்டியிருந்த வேப்பிலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கொப்புளம் நிறைந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். அப்போது அந்த அறைக்குள் இன்னொருவர் வந்தார். சத்தியமாக வந்தார். அம்மா எழுந்தாள். நான் லவினாவோடு சர்ச்சுக்குப் போனேன். அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஆத்தா இறங்கிவிட்டாள் என்று மார்க்கெட்டுக்குப் போய் மாரியம்மன் படம் வாங்கி வந்து மாட்டினாள். ஒரே காய்ச்சலில் ஆளுக்கொரு சாமி கிடைத்தது.

அந்த வாரம் முழுக்க உபவாசம் இருந்தேன். ஆபீஸில் கம்ப்யூட்டர் எழுத்தெல்லாம் மிதந்தது.

"சோறு தின்னாதேன்னு உங்க சாமி சொல்லுச்சா?" என்றாள் அம்மா. "ஏற்கனவே தொடப்பக்குச்சி. பிளேன் காத்துல பறந்துடப்போற."

சனிக்கிழமை மத்தியானம் அம்மா கார்மெண்ட்ஸ் வேலையிலிருந்து வந்ததும், படத்தை எடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள்.

"எடுக்கணும்னா எடு. நான் தடுக்கல. ஆனா நீதான் எடுக்கணும்."

ஸ்டூலில் ஏறி எடுத்தேன். கண்ணாடி மேல் குங்குமம் ஈரமாக இருந்தது. எங்கே வைப்பது என்று அதுவரை யோசிக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் செருப்பு. அலமாரியில் என் உள்பாவாடைகள். கடைசியில் மடியிலேயே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். எடுத்துட்டேன், இப்பவாவது பேசுங்க என்றேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது. அவ்வளவுதான்.

மௌரீன் ஆன்ட்டியும் லவினாவும் நீலும் வந்தபோதும் நான் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன். அம்மா அவர்களுக்குப் பாய் போட்டு, டீ கொடுத்தாள்.

"ஸ்தோத்திரம்! பெரிய ஜெயம்மா இது" என்று ஆன்ட்டி என் தலையில் கை வைத்தார். குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. ஜெபித்து முடித்ததும் கையை நீட்டினார். "கொடும்மா. கார்ல எடுத்துட்டுப் போய் ஏரியில விட்டுடறோம். வீட்டுல வெச்சா திரும்பவும் சுவர் ஏறிடும்."

கொடுக்கத்தான் நினைத்தேன். விரல் விடவில்லை.

"இளா, குடுத்துடு" என்று லவினா மெதுவாகச் சொன்னாள்.

"குடுத்தா பேசுவாரா?"

"யாரு?"

"அவர்தான்! கிறிஸ்துமஸ்லேருந்து ஒரு வார்த்தை இல்ல. பட்டினி கிடந்தாச்சு, அழுதாச்சு, ஸ்டூல் போட்டு ஏறி எங்கம்மா சாமியையும் இறக்கியாச்சு. இன்னும் என்ன ஆன்ட்டி குடுக்கணும்? அன்னிக்கு வேப்பிலைக்குள்ள, எங்கம்மா அம்மையோட படுத்திருந்த பாய் மேலதான் அவர் வந்தார். அப்ப அவருக்குச் சுத்தம் தேவைப்படல. இப்ப மட்டும் எதுக்கு?"

நீல் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆன்ட்டியின் நீட்டிய கை மெதுவாக இறங்கியது.

"எனக்குப் பதில் தெரியலம்மா" என்றார். "ஆனா இப்படி ஒரு நிலைமையில உன்னை அந்தப் பிள்ளைங்க முன்னாடி நிறுத்த என்னால முடியாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

கார் சத்தம் தெருமுனை தாண்டியதும் அம்மா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டி குடுக்கல?"

"உனக்காகத்தான்."

"எனக்காகவா? லூசு. அது மார்க்கெட்ல எங்கயும் கெடைக்கற படம். நான் வேற வாங்கிட்டு வந்திருப்பேன். ஆத்தா என்ன அந்தக் கண்ணாடிக்குள்ளயா குந்தியிருக்கா? நீ போயிட்டு வந்திருக்கலாமில்ல."

"இதை மத்தியானமே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல!"

"நீ என்னைக் கேட்டியா? எடுக்கப்போறேன்னுதானே சொன்ன."

அவள் அழவில்லை. படத்தை வாங்கி முந்தானையால் துடைத்தாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வெளியே போய், காம்பவுண்டுக்குப் பொதுவான பாத்ரூமுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில், எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தையும் சேர்த்து அவரைக் கூப்பிட்டேன். வாயைத் திறங்க. திட்டவாவது திறங்க. தொண்டை கிழிந்து சத்தம் வராத வரைக்கும் கூப்பிட்டேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"யாரும்மா உள்ள?" பக்கத்து வீட்டு ரமா அக்கா. "தண்ணி நின்னுடும், சீக்கிரம் வா. முடிஞ்சுதா இல்லியா?"

"இன்னும் இல்லக்கா" என்றேன்.